உண்டைவில் முதல் காற்றுத் துப்பாக்கி வரை: வேட்டையைப் பற்றி நம் முன்னோர் கேட்ட கேள்வி



சில மாதங்களுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் நம் மதரஸாவில் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை மகனையும் அழைத்துக்கொண்டு நம்மைக் காண வந்தார். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருப்பவர். கைப்பேசியில் நான்கைந்து காற்றுத் துப்பாக்கிகளின் படங்களைக் காட்டிவிட்டு, "ஹஜ்ரத், இதுல நல்லதா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். செங்கம் பக்கம் நம்ம நிலத்துல முயலும் கௌதாரியும் நிறைய வருது. பிஸ்மி சொல்லிச் சுட்டா ஹலால் ஆயிடும்தானே?" என்று கேட்டார். பையன் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கார்த்திகை தீபக் கூட்டத்தில் பலூன் சுடும் கடையில் பத்துக்கு ஏழு பலூன் உடைத்தவன் அவன் என்பதைத் தந்தையே பெருமையோடு சொன்னார்.

எந்தத் துப்பாக்கி நல்லது என்பதே அவர்களது கேள்வி. நாம் உடனே விடை கூறவில்லை. ஒரு வாரத் தவணை கேட்டோம். கிதாபுகளைப் புரட்டிப் பார்த்தபோது, இந்தக் கேள்வி ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக வெவ்வேறு கருவிகளைப் பற்றிக் கேட்கப்பட்டு வந்த கேள்வியே என்பது தெரிந்தது. அம்பு, மண் உண்டை, ஈயக் குண்டு, இன்று காற்று எனக் கருவிகள் மாறின, கேள்வி மாறவில்லை. அந்த வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

துப்பாக்கி என்னும் சொல்

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். 'துப்பாக்கி' துருக்கிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல் என்று அகராதியாளர் குறிப்பர். துருக்கியில் 'துஃபெக்', பாரசீகத்தில் 'துஃபங்க்' என வழங்கும் அச்சொல்லின் பழைய வடிவத்தை, 1070களில் பக்தாதில் துருக்கிய மொழிக்கு அகராதி செய்த மஹ்மூத் அல்காஷ்கரி பதிவு செய்துள்ளார். மரக்கிளையின் பசும்பட்டையைக் குழலாக உரித்தெடுத்து, அதனுள் சிறு உண்டையை வைத்து ஊதிச் சிட்டுக்குருவியை அடிக்கும் கருவி என்பதே அதன் பொருள். வெடிமருந்து அந்நாட்டை எட்டுவதற்கு முன்பே, காற்றால் குருவியைச் சுடும் குழலுக்கு அப்பெயர் இருந்திருக்கிறது. ஆகவே காற்றுத் துப்பாக்கி புதுமை அன்று. துப்பாக்கி என்னும் பெயரே அதனிடமிருந்துதான் வந்தது.

அரபியிலும் இதே போன்ற ஒரு செய்தி உண்டு. துப்பாக்கிக்கு அரபியர் வழங்கும் 'புந்துகிய்யா' என்னும் பெயர் 'புந்துக்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. புந்துக் என்பது கொட்டையளவில் உருட்டிக் காயவைத்த களிமண் உண்டை. அதை வில்லில் வைத்து எய்வர். நம் ஊர்ச் சிறுவர் உண்டிவில் என்று சொல்லுவதற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை. இந்த உண்டைவில்லே நமது மார்க்கச் சட்ட நூல்களில் நீண்ட விவாதத்தை எழுப்பிய கருவி.

முனையா, அகலமா?

விவாதத்தின் வேர் நபித்தோழர் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களின் கேள்வியில் உள்ளது. கொடைக்குப் பெயர்போன ஹாத்திம் தாயியின் மகன் அவர், வேட்டையில் பழகியவர். இறகு கட்டாத எறிகோலால் வேட்டையாடுவது பற்றி அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார். கோல் தன் முனையால் குத்தித் துளைத்திருந்தால் உண்ணலாம். அதன் அகலப் பக்கம் பட்டு, அடியின் வேகத்தால் பிராணி செத்திருந்தால் உண்ணலாகாது என்பது அண்ணலார் அளித்த விடையின் கருத்து. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி உள்ளது. அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் விலக்கிய உணவுகளுள் அடிபட்டுச் செத்த பிராணியும் ஒன்று என்பதை இதனுடன் சேர்த்து நோக்க வேண்டும்.

இதிலிருந்து அறிஞர்கள் ஓர் அளவுகோலை வகுத்தனர். கருவி எத்துணை வலிமையானது என்பது அவர்களின் முதற்கேள்வி அன்று. உயிர் எவ்வாறு பிரிந்தது என்பதே முதற்கேள்வி. கூர்மையால் அறுபட்டு இரத்தம் வடிந்து பிரிந்ததா, மொத்துண்டு பிரிந்ததா? மொத்துண்டு சாய்ந்தாலும், கத்தி கழுத்தை எட்டும் வரை அதில் உறுதியான உயிர் தங்கியிருந்து, முறைப்படி அறுக்கப்பட்டால் ஹலால். அதற்குள் செத்துவிட்டால் அது செத்த பிராணியே; பிஸ்மி சொல்லி எறிந்திருந்தாலும் நிலை மாறாது.

இதைப் படிக்கையில் நம் இளமை நினைவு ஒன்று வந்தது. பத்து வயதில் உண்டிவில்லால் ஒரு மணிப்புறாவை வீழ்த்தி, வெற்றிக் களிப்போடு நன்னியிடம் ஓடினோம். நன்னி கத்தியை எடுத்தார். புறாவைக் கையில் வாங்கிப் பார்த்தார். கத்தியைத் திரும்ப வைத்துவிட்டார். "மௌத்தாயிடுச்சு, கண்ணு. இதை நாம திங்க முடியாது, அதுவும் பறக்க முடியாது. யாருக்குடா லாபம்?" என்றார். முருங்கை மரத்தடியில் நாமே குழி தோண்டிப் புதைத்தோம். நன்னி எந்தக் கிதாபும் ஓதியவர் அல்லர். ஆயினும் அதீ (ரலி) பெற்ற விடை அவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

வாத்தும் குருவியும்

இடைக்கால இஸ்லாமிய உலகில் உண்டைவில் சிறுவர் விளையாட்டாக நின்றுவிடவில்லை. அப்பாஸிய கலீஃபா அந்நாஸிர் (ஆட்சி 1180–1225) உண்டைவில் எய்தலை வீரர் குழாங்களின் மதிப்புக்குரிய கலையாக்கித் தம் ஆதரவின் கீழ் கொண்டுவந்தார். எகிப்தையும் ஷாம் தேசத்தையும் ஆண்ட சுல்தான் பைபர்ஸுக்கு 'அல்புந்துக்தாரி' என்றொரு அடைபெயர் உண்டு. அவருடைய முதல் எசமானர் உண்டைவில் ஏந்தும் அதிகாரியாக இருந்ததால் வந்த பெயர் அது. அரசவையில் இவ்வளவு செல்வாக்குப் பெற்ற பொழுதுபோக்கைப் பற்றி உலமாக்கள் வாய்திறக்காமல் இருக்க முடியுமா?

இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) (மறைவு 1262) உண்டையால் பிராணிகளை எய்வது ஹராம் என்று ஃபத்வா அளித்தார். அடுத்த தலைமுறையில் இமாம் நவவீ (ரஹ்) (மறைவு 1277) அது கூடும் என்றார். பைபர்ஸின் முகத்துக்கு நேரே உண்மை பேசத் தயங்காத நவவீ, அரசவைக்கு இணங்கிச் சலுகை தந்தார் என்று எவரும் சொல்ல முடியாது. உண்டை வேட்டையாடும் ஒரு வழி, அதைக் கொண்டு பிராணியைப் பிடித்து அறுக்க இயலும் என்பது அவருடைய பார்வை. அவருக்குப் பின்வந்த ஷாஃபிஈ அறிஞர் சிலர் இரண்டு தீர்ப்பையும் இணைத்து ஒரு நுட்பமான வரையறை சொன்னார்கள். பதினாறாம் நூற்றாண்டில் கதீப் ஷிர்பீனீ (ரஹ்) (மறைவு 1570) அதைத் தம் நூலில் எடுத்துக்காட்டுகிறார். வாத்தைப் போன்ற, உண்டை பட்டாலும் பெரும்பாலும் சாகாத பறவையாயின் எய்யலாம். குருவியைப் போல உண்டை பட்டதும் சாகக்கூடிய பறவையாயின் எய்வது ஹராம்.

இந்த வரையறையைப் படித்தபோது நாம் வியந்து நின்றோம். இன்று கடைக்காரர் 'எத்தனை ஜூல், எத்தனை அடி வேகம்' என்று கருவியைப் பற்றியே பேசுகிறார். அன்றைய ஃபிக்ஹு அறிஞர்கள் கருவியையும் பறவையையும் ஒருசேர எடைபோட்டார்கள். சிறிய உயிர் மீது பெரிய அடி விழுந்தால் அது உணவாவதில்லை, வீணே போகிறது.

ஈயம் வந்தபோது

பிறகு வெடிமருந்து வந்தது. களிமண் உண்டையின் இடத்தை ஈயக் குண்டு பிடித்தது. நம் ஊருக்கும் அது போர்க்கருவியாக வந்து சேர்ந்தது. 1767 செப்டம்பர் 3 அன்று செங்கத்திலும், அம்மாத இறுதியில் திருவண்ணாமலையை ஒட்டியும், ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்த படைக்கும் கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையிலான கும்பினிப் படைக்கும் இடையே பெரும்போர் மூண்டது. முதல் மைசூர்ப் போரின் முக்கியமான இரு களங்கள் இவை. நாம் இன்று பேருந்தில் கடந்து செல்லும் செங்கம் சாலையோரம் ஒருகாலத்தில் ஈயம் மழையாகப் பொழிந்த நிலம்.

அந்நூற்றாண்டிலேயே எகிப்தில் வாழ்ந்த மாலிக்கி அறிஞர் அத்தர்தீர் (ரஹ்) (மறைவு 1786), ஈயக் குண்டால் செத்த வேட்டைப் பிராணியை உண்ணலாம் என்ற தீர்ப்பைப் பதிவு செய்தார். அது உடலைத் துளைக்கிறது, இரத்தத்தை ஓடச் செய்கிறது, ஏனைய ஆயுதங்களை விட விரைந்து கொல்கிறது என்பது அத்தரப்பின் வாதம். யமன் நாட்டு அறிஞர் ஷவ்கானீ (ரஹ்) (மறைவு 1834) அவர்களும் துளைத்தல் என்னும் காரணத்தால் கூடும் என்ற பக்கமே நின்றார்.

டமாஸ்கஸில் வாழ்ந்த ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) (மறைவு 1836) மறுபக்கம் நின்றார். குண்டு உண்டாக்கும் காயம் எரிப்பாலும் எடையாலும், அது உந்தித் தள்ளப்படும் வேகத்தாலும் விளைவது. அதற்கு வெட்டும் முனை இல்லை. ஆகவே அதனால் செத்தது ஹலால் ஆகாது என்றார். அவருக்கு முந்திய இப்னு நுஜைம் (ரஹ்) அளித்த ஃபத்வாவும் அதுவே. நம் மாவட்டத்தில் பெரும்பான்மையோர் ஹனஃபி. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ. இவ்விரு மத்ஹபுகளின் வழக்கமான தீர்ப்பு ஒன்றுதான்: குண்டு பட்ட பிராணி உயிரோடு கிடைத்து அறுக்கப்பட்டாலே உணவு.

இப்போது காற்றுத் துப்பாக்கிக்கு வருவோம். இதை வெறும் பொம்மை என்று எண்ணிவிடலாகாது. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை ஜிரான்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியைக் கையாண்டது. அதன் அடிக்கட்டையில் இருந்த கலத்துள் காற்றை ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு முறை அடித்து நிரப்பினால், இருபது குண்டுகளை மருந்தும் புகையும் இன்றித் தொடர்ந்து சுடலாம். இத்தகைய துப்பாக்கியில் இப்னு ஆபிதீன் (ரஹ்) குறிப்பிட்ட 'எரிப்பு' இல்லை. எனினும் எடை இருக்கிறது, உந்தும் வேகம் இருக்கிறது, வெட்டும் முனை இல்லை. எனவே அவர் கூறிய காரணம் இதற்கும் பொருந்துகிறது என்றே நமக்குப் படுகிறது. இக்காலத்தில் கூர்முனை கொண்ட குண்டுகள் வந்துள்ளமையால் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. பெரிய துப்பாக்கியின் கூர்முனைத் தோட்டாவைப் பற்றிய அவ்விவாதத்தை, அரைக் கிராம் எடையுள்ள மென்மையான ஈயத் துணுக்குக்கு அப்படியே பொருத்துவது அவசரம்.

இரு பக்கமும் அடைபட்ட வழி

ஈண்டு நம் நண்பரின் கேள்வியை நேராகவே எதிர்கொள்வோம். சிறு வேட்டைக்கு 'நல்ல' காற்றுத் துப்பாக்கி எது?

வலிமை குறைந்ததை வாங்கினால், குண்டு முயலின் தொடையிலோ கௌதாரியின் சிறகிலோ பதியும். பிராணி ஓடி முட்புதருக்குள் மறையும். அது அங்கே இரண்டு நாள் துடித்துச் சாகும். நம் தட்டுக்கும் வராது; காட்டிலும் வாழாது. வலிமை மிக்கதை வாங்கினால், பறவை விழுந்த இடத்திலேயே சாகும். நாம் வேலி தாண்டி, வரப்பு தாண்டி, கத்தியோடு போய்ச் சேரும்போது நன்னி கத்தியைத் திரும்ப வைத்த அதே நிலைதான். ஒரு பக்கம் கொடுமை, மறுபக்கம் ஹராம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு கத்தியின் அகலமே. வாத்தையும் குருவியையும் வைத்து ஷாஃபிஈ அறிஞர்கள் சுட்டிக்காட்டிய இடர் இதுதான்.

அறுப்பதானாலும் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு நோவு குறைய அறுக்குமாறு கற்பித்த மார்க்கம் நம்முடையது. ஒரு குருவியை அதன் உரிமையின்றிக் கொன்றவனிடம் அதைப் பற்றி மறுமையில் கேட்கப்படும் என்ற கருத்தில் நஸாஈ தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. அறுத்து உண்பதே அதன் உரிமை, கொன்று எறிவதன்று. பறவை ஒன்றைக் கட்டிவைத்து அம்பெய்து பழகிய இளைஞர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குபவரை நபிகளார் (ஸல்) சபித்ததை எடுத்துக்கூறிக் கண்டித்தார்கள். உணவுக்கு உதவாத வேட்டை, குறிபார்க்கும் விளையாட்டாக மாறும்போது இந்த எல்லைக்கு அருகே வந்துவிடுகிறோம்.

வேட்டையில் திளைத்த ஒரு முஸ்லிம் மன்னரின் கணக்கையும் இங்கே நினைவுகூரலாம். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், பன்னிரண்டாம் வயதிலிருந்து ஐம்பது வயது வரை தம் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532 என்றும், அவற்றுள் 17,167 தம் கையால் வீழ்ந்தவை என்றும் தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். அவரே, பேரன் ஷுஜா நோயுற்றபோது, இனி எவ்வுயிரையும் தம் கையால் வதைப்பதில்லை என்று நேர்ந்துகொண்டார். பழகிய மான் ஒன்றுக்கு லாகூர் அருகே கல்லறையும் அதன் பக்கம் ஒரு கோபுரமும் எழுப்பியவரும் அவரே. எண்ணி எண்ணிச் சுட்டவரின் உள்ளமும் ஒரு குழந்தையின் உயிருக்கு முன் மண்டியிட்டது.

நாட்டின் சட்டம்

மார்க்கத்தின் தீர்ப்பு இவ்வாறிருக்க, நாட்டின் சட்டமும் ஒன்று உண்டு. அதைப் பற்றி நம் மக்களிடையே ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. 'உரிமம் வேண்டாத துப்பாக்கி. ஆகவே வேட்டையாடலாம்' என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். கருவியை வைத்திருக்க உரிமம் வேண்டாம் என்பது வேறு. வேட்டைக்கு அனுமதி என்பது வேறு.

வரலாற்றைப் பார்த்தால், ஆங்கிலேயர் காலத்தில் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர் கையில் துப்பாக்கி இருப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. 1912இல் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு விலக்கப்பட்ட பருவங்களைக் குறித்தது. விடுதலைக்குப் பின் வந்த 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் 'சிறு வேட்டை'க்கென ஒரு பட்டியலையும் தனி உரிமத்தையும் வைத்திருந்தது. 1991இல் வந்த திருத்தம் அந்த உரிமங்களை நீக்கிவிட்டது. 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பட்டியல்களை மாற்றியமைத்ததோடு, பொதுவான குற்றங்களுக்கான அபராத உச்சத்தை 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தியது. மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. கொல்வது மட்டுமின்றி, கொல்ல முயல்வதும் காயப்படுத்துவதும் அச்சட்டத்தின் பார்வையில் வேட்டையே. நிலம் நமதாக இருக்கலாம். அதில் மேயும் முயலும் கௌதாரியும் நமதல்ல.

இச்சட்டத்தின் சுமையை நம்மினும் அதிகம் தாங்கியவர்கள் உள்ளனர். கிரிவலப் பாதையில் பாசிமணி விற்கும் நரிக்குறவ மக்களுக்கு நாட்டுத் துப்பாக்கி வேட்டை தலைமுறைத் தொழிலாக இருந்தது. வேட்டை தடையானதும் அவர்களின் அடுப்பு அணைந்தது. ஊசியும் பாசியுமே பிழைப்பானது. பழங்குடிப் பட்டியலில் சேர வேண்டும் என்ற அவர்களின் நெடுநாள் கோரிக்கை 2023 ஜனவரியில்தான் சட்டமாக நிறைவேறியது. பசிக்காக வேட்டையாடியவர்களே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்ட மண்ணில், குளிர்பெட்டி நிறையக் கறி வைத்திருக்கும் நாம் பொழுதுபோக்குக்காக அதை எடுப்பது எவ்விதத்தில் நியாயம்? கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப் பிராணியை நிறுத்தி மனிதரின் இறையச்சத்தைச் சோதிப்பது பற்றி அல்மாயிதா அத்தியாயம் பேசுகிறது. இஹ்ராம் நிலையில் இருப்போரை முன்னிட்டு வந்த வசனம் அது. எனினும் எட்டும் தொலைவில் இருப்பதெல்லாம் எடுத்துக்கொள்வதற்கல்ல என்ற பாடம் எல்லார்க்கும் பொது.

ஒரு சிறுவனின் ஐயம்

காற்றுத் துப்பாக்கியால் நன்மையே விளைந்ததில்லையா? விளைந்தது, அதுவும் ஒரு முஸ்லிம் வீட்டில்.

1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் சுலைமானி போரா குடும்பத்தில் பிறந்த சாலிம் அலி, மூன்று வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தவர். தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். மாமா வேட்டையில் விருப்பமுள்ளவர்; சிறுவனுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. பத்து வயதையொட்டி, ஒருநாள் அவர் சுட்டு வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவியாக அது தோன்றவில்லை. இதை ஒரு முஸ்லிம் உண்ணலாமா என்ற ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. மாமாவிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. மாமா ஓர் அறிமுகக் கடிதத்துடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் சிறுவனை அனுப்பினார். மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டு சொன்னதோடு நில்லாமல், கழகம் பாதுகாத்து வைத்திருந்த பறவைகளை அறையறையாகத் திறந்து காட்டினார்.

அச்சிறுவனே பின்னர் இந்தியாவின் பறவை மனிதர் எனப் போற்றப்பட்டார். 1941இல் இந்தியப் பறவைகள் குறித்த அவருடைய நூல் வெளிவந்தது. டில்லான் ரிப்லியுடன் சேர்ந்து எழுதிய பறவைக் கையேடு பத்துத் தொகுதிகளாக 1968 முதல் 1974 வரை வெளியாயிற்று. 1976இல் பத்ம விபூஷண் பெற்றார். 1985இல் வெளியான அவருடைய தன்வரலாற்றின் பெயரே ஒரு சிட்டின் வீழ்ச்சியைக் குறிப்பது. நம் மாநிலத்தில் கோவை அருகே ஆனைகட்டியில் அவர் பெயரால் ஒரு பறவையியல் ஆய்வு மையம் இயங்குகிறது. அவர் பின்னாளிலும் ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவரே. அதை மறைக்க வேண்டியதில்லை. நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: அவரை உயர்த்தியது குறி தவறாத குண்டு அன்று. கையிலிருக்கும் உயிரைப் பார்த்து, 'இது என்ன? இது எனக்கு ஆகுமா?' என்று கேட்ட அந்த ஐயமே. ஹலாலைத் தேடும் உள்ளம் ஒரு பிள்ளையை அறிவின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்படியானால் எதை வாங்குவது?

ஒரு வாரம் கழித்துத் தந்தையும் மகனும் வந்தபோது இவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். வேட்டைக்கென்றால் எந்தத் துப்பாக்கியும் வாங்க வேண்டாம் என்றோம். பையனின் முகம் வாடியது. குறி எய்தல் என்னும் கலையை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. எய்தலே வலிமை என்று நபிகளார் (ஸல்) மும்முறை வலியுறுத்திய செய்தி முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. ஆகவே, இலக்கு அட்டையைச் சுடுவதற்கென்றால் வாங்கலாம் என்றும், அதற்குப் பார்க்க வேண்டியவை எவை என்றும் கூறினோம்.

வலிமையைத் தேடாதீர்கள். ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் தொலைவில் நடக்கும் காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அதற்கான துப்பாக்கிகளின் ஆற்றல் சுமார் 7.5 ஜூல். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2019இல் ரியோ உலகக் கோப்பையில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் தங்கம் வென்றதும் இந்தப் போட்டியில்தான். பையனின் தோளுக்கும் கைநீளத்துக்கும் பொருந்தும் எடை, சீராக இழுபடும் விசை, ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் செல்லும் ஒழுங்கு ஆகிய மூன்றையும் பாருங்கள். தாளில் வட்டமாகத் துளையிடும் தட்டைத்தலைக் குண்டு போதும். குண்டைத் தடுத்து நிறுத்தும் உறுதியான பின்தடுப்பு இன்றியமையாதது. பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் பிள்ளை தொடக் கூடாது. விரலால் சிறுகல் சுண்டி எறிவதையே, அது வேட்டையையும் வீழ்த்தாது, பகைவரையும் தடுக்காது, பல்லை உடைக்கும், கண்ணைக் குருடாக்கும் என்ற கருத்தில் அண்ணலார் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். ஈயம் நஞ்சு என்பதால் சுட்டு முடித்ததும் கைகழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும்.

தந்தை கேட்டுக்கொண்டார். உடனே எதையும் வாங்கவில்லை. "முதல்ல பறவைங்களைப் பத்தி ஒரு புத்தகம் வாங்கித் தர்றேன், ஹஜ்ரத்" என்று சொல்லிச் சென்றார்.

அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் பையன் தனியாக நம்மிடம் வந்தான். "ஹஜ்ரத், கௌதாரி எங்க கூடு கட்டும்?" என்று கேட்டான். நமக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னோம். இரண்டு நாளில் அவனே தேடி வந்து சொன்னான்: மரத்தில் அல்ல, புதரடியில் தரையைச் சற்றுக் குழித்து முட்டையிடுமாம், அவர்களது நிலத்தின் வரப்போரம் அப்படியோர் இடத்தைப் பார்த்திருக்கிறானாம், அந்தப் பக்கம் ஆடு ஓட்ட வேண்டாமென்று பக்கத்து நிலத்துக்காரரிடமும் சொல்லிவிட்டானாம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளில் வலிமையையும், அவ்வலிமையை அடக்கி ஆளும் இரக்கத்தையும் சேர்த்தே தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.